கூர் மழுங்காத ஒலி

மூளைக்காய்ச்சல் அவளுடைய இடது காதை முழுதாக எடுத்துக்கொண்டு வலது காதை மட்டும் விட்டுவைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே கணவர் ஸ்பீக்கர்களைப் போட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் அவருக்கும் அவளுக்கும் இருந்த ஒரே ஆடம்பரம் அந்த இரண்டு ஆளுயரப் பெட்டிகள்தான். பாட்டுக் கேட்டால் அவளுக்குத் தெம்பு வரும் என்று நினைத்தார்.

பாட்டில் ஜால்ரா ஒரு முறை கலீரென்றது. அவள் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டாள்.

"நிறுத்துங்க! ஊசியால குத்துற மாதிரி இருக்கு."

"இந்தப் பெட்டிக்கு எப்பவுமே மேல்சத்தம் தூக்கல்தான், சிட்டு. நான் சரி பண்ணிடறேன்."

அது பொய்யில்லை. வாங்கிய நாளிலிருந்தே பெட்டிகள் கூர்மையாகத்தான் பாடின. 'ஸ' வரும் இடமெல்லாம் பாடகி பல்லிடுக்கில் காற்று விடுவதுபோல் இருக்கும். முன்பெல்லாம் இருவரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கண்ணாடிக் கதவு வைத்த அலமாரியை அடுத்த அறைக்குத் தள்ளினார். வெறும் தரையில் கம்பளம் விரித்தார். சுவரெல்லாம் தடித்த திரை தொங்கவிட்டார். பெட்டிகள் அவள் நாற்காலியை நேராகப் பார்க்காதபடி திருப்பி வைத்தார். கடைசியில் மெக்கானிக்கை வரவழைத்தார்.

"ட்வீட்டர்னு சொல்ற இந்தச் சின்னக் குமிழ்தான் சார் கத்துது. ஒரு ரெசிஸ்டர் போட்டா அடங்கிடும்," என்றார் மெக்கானிக். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு திரை போட்டீங்கன்னா பாட்டே தூங்கிடும் சார்," என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் பாட்டுப் போட்டதும் அவள், "இப்போ பரவாயில்லைங்க," என்றாள். கணவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தினமும் அவளை உட்காரவைத்துப் பாட்டுப் போட்டார். அவள் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்திருந்ததை அவர் பார்க்கவில்லை. அவர் கண்ணெல்லாம் பெட்டிகள்மேல் இருந்தது.

ஒரு நாள் கரண்டிகள் வைத்த இழுப்பறை அவர் கை தவறி விழுந்தது. அவள் அலறிக்கொண்டு தரையில் சாய்ந்து வாந்தி எடுத்தாள்.

"சிட்டு! சிட்டு!"

"அப்படிக் கூப்பிடாதீங்க. அந்த 'சி' குத்துது."

அவர் அவளைத் தூக்கி உட்காரவைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அப்போ பாட்டு?"

"அதுவும் ஒவ்வொரு நாளும் குத்திச்சுங்க. நீங்க ஆசை ஆசையா பண்ணீங்க, எப்படிச் சொல்றது? பெட்டியில கோளாறு ஒண்ணும் இல்லை. போனது என் காதுதான்."

டாக்டரும் அதையேதான் சொன்னார். மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியும் போய்க்கொண்டிருக்கிறது, போகிறவரைக்கும் வலிக்கும் என்றார்.

கணவர் பெட்டிகளுக்குப் போர்வை போர்த்தினார். நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினார். கிசுகிசுத்துப் பேசிப் பார்த்தார்; அந்தக் காற்றொலி அவளை இன்னும் மோசமாக வதைத்தது. இருவரும் கைஜாடையில் பொழுதை ஓட்டினார்கள். அவள் தலையணைக்குள் முகம் புதைத்துக் கிடந்த ஒரு மத்தியானம், அந்தக் காதும் சீக்கிரம் போய்த் தொலைந்தால் தேவலை என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மழை பிடித்த சமயம், காற்றில் வாசல்கதவு படாரென்று அடித்தது. அவர் பதறித் திரும்பினார். அவள் ஜன்னலைப் பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் முகத்தைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "வலி போச்சுங்க!" என்றாள், பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி. கொஞ்சநேரம் இருவரும் அழுதார்கள். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாட்டு போடுங்க. நீங்களாவது கேளுங்க," என்றாள்.

போட்டார். அவள் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"எந்தப் பாட்டுன்னு கண்டுபிடிச்சிட்டேன்!"

அவள் சொன்னது வேறு பாட்டு. அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் சந்தோஷமாக முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தாள். அது ஓடிக்கொண்டிருந்த பாட்டோடு எங்குமே சேரவில்லை.