ஒரு சட்டி, நாலு கை

பம்பைச் சத்தத்தில் குப்பத்துக் கூரைகள் அதிர்ந்தன. திருவொற்றியூர்க் கடலோரத்து அம்மனுக்கு ஆடித் தீச்சட்டி. மூன்று வருடமாக முதல் சட்டி கோதண்டத்துக்குத்தான். மற்றவர்கள் பத்தடிக்கு ஒருதரம் கை மாற்றுவார்கள். அவனோ வெறும் வேப்பிலையை அடியில் கொடுத்து, முகம் சுளிக்காமல் குப்பத்தையே சுற்றி வந்துவிடுவான். ஆத்தா அவன் கையில் குடியிருக்கிறாள் என்று எல்லோரும் கும்பிட்டார்கள். அவனும் நம்பினான்.

போன மாதம் கையில் ஆறாத கொப்புளத்துக்கு மருந்து போட தர்மாஸ்பத்திரிக்குப் போனான். அங்கே கட்டுக் கட்டும் அமீருதீன் அவனது மடங்கிய சுண்டுவிரலைப் பார்த்துவிட்டு முழங்கையைத் தடவினார். நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் தொட்டுப் பார்த்துப் பெருநோய் என்றார்.

"உடம்புல ஒரு தேமல் படைகூட இல்லியே பாய்?" என்றான் கோதண்டம்.

"அதான் யாருக்கும் தெரில. தோலுக்கு வராம நரம்புல பூந்துகினு கீது. குஷ்டம்தான். பயந்துக்காதே, மாத்திரை வந்துட்ச்சி. ஆனா நைனா, இன்னொரு தபா நெருப்பப் புட்ச்சே, வெரலு மிஞ்சாது."

கோதண்டம் வீட்டில்கூட மூச்சுவிடவில்லை. தெரிந்தால் அவனோடு கட்டுமரத்தில் யார் ஏறுவார்கள்?

இப்போது சட்டி கொழுந்துவிட்டு எரிந்தது. மனைவி கன்னியம்மா பெருமை பொங்க அவன் இடுப்பில் மஞ்சள் துணியை இறுக்கினாள். சட்டிக்கு நீட்டிய கோதண்டத்தின் கை பாதியில் நின்றது.

"இன்னாடா மாமு, ஆத்தா காத்துகினு கீறா!" கட்டுமரத்தில் அவனோடு துடுப்புப் போடும் ரகுபதி கத்தினான்.

"அருளும் இல்ல, ஒண்ணும் இல்லடா. குஷ்டம். அதான் சூடே தெரில."

பம்பை நின்றது. கூட்டம் பின்வாங்கியது. கன்னியம்மா பிடித்திருந்த துணியை விடவில்லை.

ரகுபதி விடுவிடுவென்று ஓடி, கரையில் கிடந்த சாக்கை அலையில் நனைத்து வந்தான். அதை மடித்துக் கோதண்டத்தின் உள்ளங்கைகளில் திணித்தான். தன் கைகளில் வேப்பிலையை மட்டும் வைத்துக்கொண்டான்.

"தூக்கு. சூடு நான் சொல்றேன்."

நாலு கையில் சட்டி எழும்பியது.

"சுடுது! ஐயோ, சுடுதுடா, எறக்கு!"

வழியில் எங்கும் இறக்கக் கூடாத சட்டி மூன்று தரம் மணலில் இறங்கி ஏறியது. ஒவ்வொரு தரமும் ரகுபதி குதித்துக்கொண்டு அலறினான். கோதண்டத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பம்பைக்காரனின் குச்சி தானாகவே தோலில் விழ ஆரம்பித்தது.

சட்டி ஏந்தி வருபவன் காலில் ஊற்ற, முதல் வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள் குப்பம்மா. நாலு கால்கள் அவள் முன்னே வந்து நின்றன. ஊற்றுவதா, விலகுவதா என்று அவள் இடுப்பில் குடம் தளும்பியது.