மயக்கத்தில் பேசிவிட்டால்

...பேசிவிட்டால்? ஊசி ஏறியதும் நாக்கு தன் பாட்டுக்கு அவிழ்ந்துகொண்டால்? தள்ளுக்கட்டிலில் பச்சை அங்கியோடு மல்லாந்து கிடந்தவர் உதட்டை இறுக்கிக்கொண்டார், குடலிறக்க ஆபரேஷன், ஒரு மணி நேர வேலை, அதற்கா இந்த நடுக்கம், எதிரி நகரத்தின்மேல் பதினெட்டு முறை குண்டுவீச்சு விமானம் ஓட்டிப் போனவருக்கா... கால் கட்டைவிரல் துடித்துக்கொண்டே இருந்தது, போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

நர்ஸ் கவனிக்கவில்லை, அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "போன வாரம் ஒரு பெரியவர் சார், மயக்கத்துல ஒண்ணு விடாம உளறிட்டாரு. சின்ன வீடு எந்தத் தெருவுலங்கிறது வரைக்கும்! சம்சாரம் பக்கத்துலயே நிக்கறாங்க!" மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க மாமாகிட்ட அது நடக்காது சிஸ்டர். பதினாலு மாசம் கைதியா இருந்தும் வாய் திறக்காத மனுஷன். பதக்கத்தோட குடுத்த பத்திரத்துலயே எழுதியிருக்கு." எழுதியிருக்கிறது, கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியும் இருக்கிறது, சம்பந்தி அதை எழுந்து நின்று படித்தார், படித்த கையோடு சம்பந்தத்துக்குச் சம்மதித்தார்... எழுதியவன் எவன், அந்த அறையில் இருந்தானா? மூன்று நாள் தூங்கவிடாமல் நிற்கவைத்தார்கள், பேர், பதவி, எண், அதற்குமேல் ஒரு சொல் இல்லை, அது சத்தியம், நாலாம் நாள் காலையில் ஒரு நாற்காலி போட்டார்கள், வெறும் மர நாற்காலி, உட்கார்ந்தார், அவ்வளவுதான்... முன்பே திட்டமிட்டபடி மறுநாள் நம் விமானங்கள் பள்ளத்தாக்கை ஒட்டித் தாழப் பறந்து வரப்போகும் வழி, உயரக் கணக்கு, எல்லாவற்றையும் சொன்ன குரல் தன்னுடையதுதானா? இரண்டு விமானங்கள் திரும்பவில்லை. எட்டுப் பேர்.

"இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வச்சா போதாதா, டாக்டர்?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். "விமானத்துலேர்ந்து குதிச்சப்போ முதுகெலும்பு நொறுங்கியிருக்கே சார், அங்க ஊசி போட வழியில்ல. என்ன, பயமா?" பயமா, எனக்கா, என்று சிரித்துவைத்தார்.

"கண் முழிக்கிறப்போ நான் பக்கத்துல இருக்கேன் மாமா. ஏதாவது பேசினீங்கன்னா போன்ல பதிவு பண்ணி எங்க அப்பாவுக்குப் போட்டுக் காட்டறேன்!"

கட்டிலின் மறுபக்கம் நின்ற மனைவி குறுக்கிட்டாள். "நீங்க வெளிய இருங்க மாப்பிள்ளை. நான் மட்டும் இருக்கேன்."

"விளையாட்டுக்குச் சொன்னேன் அத்தை..."

"சொன்னா கேளுங்க. சிஸ்டர், கதவைச் சாத்திக்கலாமில்ல? வேற யாரும் உள்ள வரக் கூடாது."

கட்டில் நகர்ந்தது, கதவுகள் திறந்து மூடின, மேலே வட்ட விளக்கு, யாரோ எண்ணச் சொன்னார்கள். ஒன்று... எதற்குக் கதவைச் சாத்தச் சொன்னாள், அவளுக்கு என்ன பயம்? இரண்டு... கல்யாணமான புதிதில், கொளுத்தும் கோடையில், படுக்கையறை ஜன்னலைச் சாத்தினாளே, புழுக்கம் என்றதற்குக் கொசு என்றாளே, அவர் தம்பி வந்து தங்கினால் வாசல் பக்கத்து அறையில்தானே படுக்கை போடுவாள், குழந்தையைக்கூட மூன்று வயதிலேயே அடுத்த அறைக்கு... மூன்று... முப்பத்துநாலு வருஷம் ஒரே கட்டில், தூக்கத்தில் தான் பேசுகிறோமா என்று ஒரு நாளாவது அவளைக் கேட்டதுண்டா? எந்த இரவில் முதலில் அது அவள் காதில் விழுந்தது, எவ்வளவு கேட்டாள், கேட்டுவிட்டா மறுநாள் காலையில் அவர் சட்டையில் அந்தப் பதக்கத்தைக் குத்திவிட்டாள், கை நடுங்காமல்...