என்கேஜ்ட்

தந்தியில் இருந்தவை மூன்றே சொற்கள்: "என்கேஜ்ட் ரயில்வே சற்றர்டே." மலாயாவுக்கு வேலை தேடிப் போன முத்துக்குமாரு தாய்க்கு அனுப்பியது.

தாய் செல்வநாயகி அதைத் தூக்கிக்கொண்டு அயல்வீட்டு மார்க்கண்டுவிடம் ஓடினாள். சுன்னாகத்தில் இங்கிலீசு தெரிந்தவர்கள் வேறும் இருந்தார்கள். ஆனால் சந்தேகமே இல்லாமல் தெரிந்தவர் மார்க்கண்டு ஒருவர்தான்.

"உன்ரை மோனுக்குச் சனிக்கிழமை கலியாணம் நிச்சயமாச்சுது. பொம்பிளை வீட்டார் ரயில்வேக்காரர்," என்றார்.

செல்வநாயகி அழுதாள். தமையன் மகள் குணலட்சுமியைத்தான் அவனுக்கென்று எல்லோரும் மனதில் வைத்திருந்தார்கள். வாய்விட்டு ஒருவரும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. குணலட்சுமியின் தகப்பன் மறுநாளே வேறு சாதகம் பார்க்கத் தொடங்கிவிட்டார். மனுசருக்கு அவ்வளவு அவசரம்.

குணலட்சுமி இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்கு மூளை வேலை செய்யும். நேரே போய் மார்க்கண்டுவின் அகராதியை விரித்தாள்.

"மாமா, உந்தச் சொல்லுக்கு ஆறு கருத்து இருக்கு. நீங்கள் முதலாவதோடை நிண்டிட்டியள்."

"மற்றதுகள் என்ன?"

"வேலைக்கு எடுக்கிறதுக்கும் உதுதான் சொல். அத்தானை ரயில்வேயிலை எடுத்திருக்கினம்."

மார்க்கண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு சொல்லுக்கு ஆறு கருத்தெண்டால் வெள்ளைக்காரன் என்னெண்டு குடும்பம் நடத்திறான்?"

கேட்டு நின்ற எல்லோரும் சிரித்தார்கள். குணலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொருத்தியோடு நிச்சயமாகவில்லை, சரி, தன்னோடும் ஆகவில்லையே. தன்னைப் பற்றி அவன் ஒரு சொல்கூடச் செலவழிக்கவில்லை என்பது அவளைச் சுட்டது.

அடுத்த மாதம் மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. மார்க்கண்டுவைக் கொண்டு முத்துக்குமாருவுக்குத் தந்தி அடிப்பித்தாள்: "குணலட்சுமி என்கேஜ்ட் மண்டே."

"பள்ளிக்கூடம் எண்டு போடேல்லையே, பிள்ளை?"

"வேண்டாம், மாமா. அவர் படிச்சவர்தானே."

புது வேலையில் கெஞ்சி லீவு வாங்கி, கப்பலேறி, ரயிலேறி, மூன்றாம் வாரம் முத்துக்குமாரு பெட்டியும் கையுமாக குணலட்சுமி வீட்டு வாசலில் நின்றான். நித்திரை கண்டு பல நாளான முகம்.

"மாப்பிள்ளை ஆர்?" என்றான்.

"எந்த மாப்பிள்ளை? எனக்கு வேலையெல்லோ கிடைச்சது."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"உதைக் கேக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"இல்லை. வேறை ஒண்டு கேக்க வந்தனான்."

"அப்ப கேளுங்கோ," என்றாள் குணலட்சுமி. "தமிழிலை கேளுங்கோ."