நூற்றுப் பதினேழும் நூற்றுப் பதினெட்டும்

அன்று ஆய்வகத்தின் சின்னக் கூட்ட அறையில் இருந்தவர்கள் ஆறு பேர்: நான், என் மனைவி, தையல்காரனான என் தம்பி, அவன் மனைவி, என் மகள், அவளுக்கு மேலதிகாரியான பேராசிரியை. அழைக்கப்பட்டது நானும் தம்பியும்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள் அல்லர்.

என் மகள் குடல் பாக்டீரியாக்களை ஆராய்கிறாள். குடலில் புற்றுநோய் தொடங்கும்போது அவற்றில் சில வகை பெருகும், சில வகை குறையும். வலி வருவதற்கு முன்பே, துளி மலத்தை வைத்து அந்த மாற்றத்தைப் பிடிக்க முடியுமா என்பது அவள் கேள்வி. கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு நான் இன்னொரு முறை முழுவதையும் விளக்குவேன், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி.

ஒப்பிட்டுப் பார்க்க, ஐம்பது வயதைக் கடந்த, நோய் எதுவும் கண்டறியப்படாத முந்நூறு பேர் தேவைப்பட்டார்கள். நானும் தம்பியும் பெயர் கொடுத்தோம். மல மாதிரி போட்டுக் கொடுத்த என் குழாயின் எண் நூற்றுப் பதினேழு, அவனுடையது நூற்றுப் பதினெட்டு.

பேராசிரியை எங்கள் இருவரின் முடிவுத் தாள்களை மேசையில் அருகருகே வைத்தார்.

"ரெண்டும் ஒரே ஆளோடது. ஒரே வீட்ல ஒரே சாப்பாடு சாப்பிட்டாலும் இவ்வளவு ஒத்துப்போகாது. நம்ம ஆய்வகத்துல மாறியிருந்தா, மத்த குழாய்களையும் நம்ப முடியாது. இந்தப் பொறுப்பை வேற ஆள்கிட்ட கொடுக்க வேண்டி வரும்."

மூன்று வருஷ உழைப்பு. மகள் எழுந்து நின்றாள். "என் கையில மாறல மேடம். ஒவ்வொரு குழாய்க்கும் நேரம் எழுதி வெச்சிருக்கேன்." குரல் நடுங்கவில்லை. அந்த நிமிர்வு என்னிடமிருந்து அவளுக்குப் போனது.

தம்பி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குழாய்களைக் கொடுக்க வேண்டிய நாளில், கழிவறை வாசலில் வைத்து, "அண்ணே, எனக்குக் கூச்சமா இருக்கு. நீங்களே ரெண்டுலயும் போட்டுருங்க. ஒரே ரத்தம்தானே" என்று அவன் என்னிடம் கேட்டிருந்தான். நான் சம்மதித்தது அவன் கூச்சத்துக்காக மட்டும் அல்ல. இரண்டு மாதமாக வயிறு சரியில்லை என்று முனகிக்கொண்டிருந்தான். அவனுடையது போய் மகள் வேலை செய்யும் இடத்தில் குடும்ப மானத்தை வாங்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் முப்பத்தொரு வருஷம் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்திய அரசு ஆய்வாளன். எடைக்கல்லின் அடியைச் சுரண்டிய எவனையும் மன்னித்ததில்லை.

எழுந்தேன். "குழாய் இங்க மாறல. எங்க வீட்லதான் மாறுச்சு. ரெண்டும் என்னோடது."

 தம்பி மனைவி அவன் விலாவில் இடித்தாள். "ஊர்ல உள்ள இடுப்பையெல்லாம் அளக்கிற மனுஷனுக்கு ஒரு குழாய் கொடுக்கக் கூச்சமா? அதையும் மாமாவே பார்த்துக்கணுமா?"

"இங்க வெச்சாடி கேக்குற?" என்றான் தம்பி.

மகள் என்னைப் பார்த்தாள். "ஏம்பா இப்படிப் பண்ணீங்க?"

"உன் பேர் கெடக்கூடாதுன்னுதான்."

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கெட்டிருக்கும்."

பேராசிரியை நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்தார். பொறுப்பு மகளிடமே இருந்தது. தம்பியிடம் புதுக் குழாய் ஒன்றை நீட்டினார். இந்த முறை அவனே போனான்.

பதினோராம் நாள் மகள் நேராகச் சித்தப்பாவின் தையல் கடைக்குப் போனாள். நானும் உடன் இருந்தேன். அவன் குழாயில் பெருகக்கூடாத வகைகள் பெருகியிருந்தன.

"இது அடையாளம்தான் சித்தப்பா, முடிவு இல்ல. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"கேமராவா? இதுக்கு அந்தக் குழாயே தேவலாம்" என்று முணுமுணுத்தான். ஆனால் மறுவாரமே போய்ப் படுத்தான். பெருங்குடலில் கட்டி இருந்தது, ஆரம்ப நிலையில். அறுவை சிகிச்சை நடந்து எட்டு மாதம் ஆகிறது. தம்பி மறுபடியும் தையல் மெஷினில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் தொந்தியைப் பற்றிக் கேலி பேசுகிறான். அந்தக் கட்டியைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவள் என் மகள்.

இப்போது உறவினர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. ஆய்வகத்தில் குழாயை மாற்றியவள் அவள்தான், பெற்ற பாசத்தில் பழியை நான் ஏற்றுக்கொண்டேன் என்று. என்னைப் பெரிய மனிதனாக்கும் பேச்சுதான். ஆனால் பொய். அவள் எதையும் மாற்றவில்லை. மாற்றியவன் நான்.