மூன்றாம் சனிக்கிழமை வந்த வேன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. புத்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும்போது முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "வேன் எங்கூருக்கு வந்த அன்னிக்கு நாங்க வேனோட ஊருக்கு போய்ட்டோம்" என்றாள் ஒருத்தி. மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று வாரமாக அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு காகிதத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

"வடமாலைப்பேட்டை தாண்டியதும் மலையும் பஸ்ஸோடு கூடவே வரத் தொடங்கியது." வேண்டாம். எல்லார் கதையிலும் மலை கூடவே வருகிறது.

"மார்புப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் வசதிகள் நகரங்களில் குவிந்துகிடக்க, கிராமப்புறப் பெண்கள் —" இது கட்டுரை. உண்மைதான், ஆனால் இதைப் படித்து யாரும் வீட்டைவிட்டு எழுந்து வெளியே போனதில்லை.

"துர்காதேவிக்கு நாற்பத்தாறு வயது. இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது." சரி, இதுவே இருக்கட்டும்.

2

நகரிக்கு அப்பால், பஸ் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக வரும் ஊர். வீட்டுக்கு நான்கு பவர்லூம் தறி. அந்த ஊர்க் குழந்தைகள் தறிச் சத்தத்தில்தான் தூங்கும். கரண்ட் போனால் விழித்துக்கொண்டு அழும்.

அப்படிக் கரண்ட் போன ஒரு மத்தியானம் துர்காதேவி தறியோரம் உட்கார்ந்து முந்தானையால் வேர்வையைத் துடைத்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. இலந்தைக்கொட்டை அளவுக்கு ஏதோ இருந்தது. அழுத்தினால் வலிக்கவில்லை.

அவள் பயப்படவில்லை. இழை அறுந்தால் தறிமேல் குனிந்துதான் முடிச்சுப் போட வேண்டும். முன்பக்க இரும்பு மார்பில் அழுந்தும். ஒரு நாளைக்கு எத்தனை இழை அறுகிறதோ, அத்தனை தடவை. அந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அங்கே தோல் கன்றிப்போயிருக்கும்.

பக்கத்து வீட்டுக் கமலம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"தறி இடிச்ச காய்ப்பும்மா அது. எனக்கும் வந்துச்சு. வெளக்கெண்ண போடு, கரைஞ்சிடும்."

"எத்தினி நாள்ல கரைஞ்சுது?"

"அது இன்னா, நாள் பாத்துக்கினா இருந்தேன்?"

விளக்கெண்ணெய் போட்டாள். ஆடி போய் ஆவணியும் போயிற்று. கட்டி போகவில்லை. புரட்டாசி பிறந்த அன்று, புருஷன் சுரேஷ்பாபுவுக்கும் சொல்லாமல், மூன்றாம் சனிக்கிழமை திருப்பதி மலைக்குப் படியேறி நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டாள்.

[இந்த வேண்டுதலைச் சேர்க்கும்போது கொஞ்சம் தயங்கினேன். நான்கு தறி ஓடும் இடத்தில் ஒரு இழை அறுந்தால் காதாலேயே கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் உடம்பில் நடப்பது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்ததால்தான் வேண்டிக்கொண்டாள்.]

3

மூன்றாம் சனிக்கு முந்தின புதன்கிழமை, ஊர்ச் சுகாதாரம் பார்க்கும் ஆஷா ஊழியர் கிருஷ்ணம்மா நோட்டோடு வந்தார். தெலுங்குக்காரர். தமிழ் பேசுவார், பாதியில் தெலுங்குக்குப் போய்விடுவார்.

"சனிவாரம் மெஷின் வேன் வருது. திருப்பதிலேர்ந்து. நாப்பது தாண்டின லேடீஸ் எல்லாரும் ரொம்மு படம் எடுத்துக்கணும். ஊருக்குள்ளயே, ஃப்ரீ."

ரொம்மு என்று அவர் மார்பைத்தான் சொன்னார். மார்பு என்று தமிழில் சொல்ல அவருக்கு வெட்கம். தெலுங்கில் சொன்னால் பாதி வெட்கம் போய்விடும்.

"சனிக்கெழமையா?" என்றாள் துர்காதேவி. "மூணாஞ் சனிக்கெழம. ஊரே மலைக்குப் போகுதே. வெள்ளிக்கெழம காலைலயே கெளம்புறோம்."

கிருஷ்ணம்மா நோட்டைப் பார்த்தார். தேதி குறித்தவர்களின் ஆபீஸில் தொங்குவது தெலுங்குக் காலண்டர். அதில் தமிழ்ப் புரட்டாசி கிடையாது. எங்கள் மூன்றாம் சனி அவர்களுக்கு வெறும் சனிதான்.

"ஆஃபீஸ்ல சொன்னாலும் மாத்த மாட்டாங்கம்மா. மறுபடி வரும்."

"எப்போ?"

"அது தெலீதும்மா."

துர்காதேவி மலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அதை எழுதியும் பார்த்தேன்: "அவள் மலைப் பயணத்தை விட்டுவிட்டு —" பேனா நகரவில்லை. கட்டி கரைவதற்காகச் சாமியிடம் கொடுத்த வாக்கு அது. அதை மீறினால் கட்டி கோபித்துக்கொள்ளும் என்று அவள் நம்பினாள்.

4

இந்தப் பகுதியை எழுதும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் கலந்த ஒரு மயக்கம் வருகிறது. நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

வெள்ளிக்கிழமை. மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து படி ஏறுகிறார்கள். துர்காதேவி ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டு போகிறாள். குனிகிறாள், நிமிர்கிறாள். தறியில் குனிவது போலத்தான், ஆனால் இங்கே மார்பில் எதுவும் இடிக்கவில்லை. காற்று வருகிறது. படிகள் தாமாகவே கீழே இறங்கிப் போக, அவள் நின்ற இடத்திலேயே நிற்பது போல இருக்கிறது. ஒரு திருப்பத்தில் திருப்பதி முழுதும் தெரிகிறது.

"அதோ மாடி மாடியா கட்டிக்கினு போயிருக்குதே, அது இன்னாக்கா?" என்று கேட்கிறாள்.

"ஆஸ்பத்திரி" என்கிறாள் கமலம்மா. "கேன்சருக்குன்னே தனியாம்."

துர்காதேவி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அடுத்த படிக்கு மஞ்சள் தடவினாள்.

சனிக்கிழமை. ஊரில் வேன் வேப்பமரத்தடியில் நிற்கிறது. ரோஜா நிற வேன். உள்ளே ஒரு பெண் மெஷினைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். தறிகள் ஓடவில்லை, எல்லா வீட்டிலும் பூட்டு. மலைக்குப் போகாமல் ஊரில் தங்கிவிட்ட முனியப்பன் மட்டும் வந்து, வந்ததுக்கு பிரஷராவது பாருங்க என்றார். பார்த்தார்கள்.

[அன்றைய அறிக்கையில் "பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று எழுதினார்களாம். இது என் கற்பனை. ஆனால் வேறு என்ன எழுதியிருக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.]

மாலையில் புத்தூர் அருகே இரண்டும் ஒன்றையொன்று கடந்தன. பஸ் ஊருக்கு, வேன் திருப்பதிக்கு. ஜன்னலோரம் கண் சொருகியிருந்த துர்காதேவி ரோஜா நிறம் ஒன்று மிதந்து போவதைப் பார்த்தாள். கல்யாண வேன் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

5

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவில் நான் வரைபடத்தை மடிக்கிறேன். நகரி அலிபிரி மேல் வந்து உட்காருகிறது. மாவட்டத்தைப் பிரித்தபோது நகரி சித்தூரோடு நின்றது, புத்தூர் திருப்பதியோடு போனது. ஒரு மடிப்பில் அந்தக் கோடுகளெல்லாம் காணாமல் போகின்றன. துணி காயப்போடக் கொல்லைக் கதவைத் திறக்கிற துர்காதேவியின் எதிரே ஆஸ்பத்திரி வராந்தா. "உள்ள வாங்கம்மா, உங்களுக்காகத்தான்" என்கிறாள் நர்ஸ். அவள் ஈரத்துணியோடு உள்ளே போகிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. இது நடக்காது.

இரண்டாவதில், வேன் டிரைவர் இல்லாமல் தானாகவே திரும்பி வருகிறது. லிஸ்ட்டில் இருக்கும் பேர்களைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாக ஊர்ந்து, அவள் தறிக்கொட்டகை வாசலில் வந்து நிற்கிறது. அவள் ஏறுகிறாள். தகடு சில்லென்றிருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். படத்தில் —

தெரியவில்லை.

மூன்றாவதில் கட்டி கரைந்துவிடுகிறது. இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சாமியும் படியிலிருந்து அந்தக் கட்டிடத்தைத்தானே கைகாட்டினார் என்று எழுத வந்தேன். பிரசங்கம் ஆகிவிடும். அடித்துவிட்டேன்.

6

பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசினார்கள் என்று சொன்னேனே, அது பொய்.

துர்காதேவி என் அக்கா. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மலையிலிருந்து இறங்கி, திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, சாமி பாத்துட்டு வேற வீட்டுக்குப் போவக்கூடாது. அதான் உன் வூட்டுக்கு வரல. கோச்சுக்காத."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். மலைக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும். என் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து கால் மணி நேரம். அந்த ஆஸ்பத்திரிக்கு என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். வேன் கதையைச் சொல்லி அவள்தான் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ஒரு கட்டி கீதுடா. மூணு மாசமா" என்றாள்.

"லீவு போட்டு வந்து கூட்டிக்கினு போறேன்க்கா" என்றேன். சொன்னது நிஜமாகத்தான். போனை வைத்ததும் முதலில் செய்தது, அவள் சொன்ன வரியை மறக்காமல் எழுதிவைத்தது. அதிலிருந்து இன்றைக்கு இருபத்துமூன்று நாள். இந்தக் கதைக்கு முதல் வரி தேடிய நாட்கள் அவை. தூரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

7

இன்று காலை ஆறு மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: தறியின் இரும்பு மார்பில் சரியாக எந்த இடத்தில் அழுந்தும் என்று தெரிய வேண்டியிருந்தது, இரண்டாம் பகுதிக்கு. அவள் பொறுமையாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"இதெல்லாம் எதுக்குடா?"

"ஒரு கதை எழுதிக்கினு கீறேன்க்கா."

"என் கதையா?"

"உன்ன மாதிரி ஒருத்தி."

"அவ ஆஸ்பத்திரிக்குப் போறாளா?"

"இன்னும் முடிவு பண்ணல."

அந்தப் பக்கம் நான்கு தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தறியை நிறுத்தப் போனாள். ஒவ்வொன்றாக நான்கும் நின்றன.

"நீ முடிவு பண்றதுக்குள்ள இது பெருசாய்க்கினு போதுடா தம்பி" என்றாள். "இப்ப வலிக்குது."

ஏழு மணிக்குப் புத்தூர் வழியாக நகரிக்கு ஒரு பஸ் இருக்கிறது. சட்டை மாற்றிக்கொண்டுவிட்டேன். இந்த வரியை நின்றுகொண்டே எழுதுகிறேன். மத்தியானத்துக்குள் அவளை அழைத்து வந்துவிட முடியும்.

படத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. இதற்குமேல் ஒரு வரியும் எழுதப்போவதில்லை. உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள். நான் அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு அந்த மெஷின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன்.