சரிதோபேயில் முறுக்கிக்கொண்டு நின்ற விமானம்

சரிதோபே விமான நிலையத்தில் இடிபட்ட விமானம் ஏழு மாதம் முறுக்கிக்கொண்டு நின்றது. மார்ச் மாதம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற வழியில் இன்னொரு விமானம் அதன் இறக்கை நுனியை உரசிவிட்டது. ஆட்களுக்குக் கீறல்கூட இல்லை. நுனியை மாற்றினார்கள், எந்திரங்களைப் பிரித்துப் பூட்டினார்கள். ஒரு பழுதும் இல்லை, ஆனால் அது முக்கவுமில்லை, முனகவுமில்லை. இழுவண்டியைப் பூட்டி இழுத்தபோது இழுவண்டிதான் பின்னால் போனது.

பழி குன்சுலுவின் தலையில் விழுந்தது. இரண்டு மட்டைகளைப் பிடித்து விமானங்களுக்கு வழிகாட்டுவது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. அன்றும் அவள் 'நில்' என்றுதான் காட்டினாள். இடித்த விமானத்தின் விமானி பார்க்காமல் வந்தான். அவன் மேலிடத்துக்கு வேண்டியவன். தலைநகரிலிருந்து வந்த விசாரணைக் குழு, 'தவறாகக் கைகாட்டினேன்' என்று தானே எழுதிவைத்து அவளிடம் கையெழுத்துக் கேட்டது. போட்டால் வேலை போகும். அதைவிடக் கொடுமை, செய்யாத தப்புக்குப் பெயர் கெடும். அவள் மறுத்தாள். மட்டைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாளும் வந்து வெறுங்கையோடு விமானத்தடியில் நின்றாள். பனி உருகி, கோதுமை விளைந்து, அறுப்பும் முடிந்தது, ஒருநாள் தவறவில்லை.

நிலைய அதிகாரி செய்த்காலி கெஞ்சினார். "ஏம்மா, எதுக்கு இந்த வீம்பு? ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்."

"நீங்க போடுங்களேன் அகா. கையில என்ன சுளுக்கா?"

"சரி, இந்தச் சனியன் ஏன் நகர மாட்டேங்குது? அதையாவது சொல்லு."

"கால மிதிச்சவன் தன் கால நீட்டணும், மிதிபட்டவன் லேசா திருப்பி மிதிக்கணும். இல்லன்னா பகைதான? உங்க வீட்ல சொல்லித் தரலையா?"

பக்கத்தில் நின்ற விசாரணைக் குழுத் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று காலைதான் அவர் தன் ஓட்டுநரின் காலை மிதித்துவிட்டு, மறக்காமல் தன் காலை நீட்டியிருந்தார்.

அக்டோபரில் வேறு வழியில்லாமல், விமானமும் திருப்பி மிதிக்கட்டும் என்று சம்மதித்தார்கள். குன்சுலு விமானத்தின் முன்னால் நின்று வெறுங்கையால் வா என்றாள். உள்ளே விமானி இல்லை, எந்திரம் ஓடவில்லை, விமானம் வந்தது. அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்த, இடித்த விமானத்தின் பக்கத்தில் போய் இறக்கையால் இறக்கையைத் தொட்டது. இரண்டு தேநீர்க் கிண்ணங்கள் உரசிய சத்தம்தான் கேட்டது. உடனே எந்திரங்கள் தாமாக ஓடத் தொடங்கின.

"அதெல்லாம் சரிம்மா," என்றார் தலைவர். "குத்தவாளி கையெழுத்து இல்லாம கோப்ப மூட முடியாதே."

குன்சுலு அந்தத் தாளை வாங்கி, தன் பெயரை அடித்துவிட்டு, இடித்த விமானத்தின் முன்சக்கரத்துக்கு எதிரே தரையில் விரித்தாள். வா என்றாள். அதிலும் ஆளில்லை. தயங்கித் தயங்கி அது ஓரடி ஊர்ந்து, கையெழுத்துக் கட்டத்தின்மேல் ஏறி இறங்கியது. தலைவர் தாளை எடுத்துத் தூசியை ஊதினார், முத்திரை குத்தினார், எண் போட்டார். கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன ஒரே குறை.