ஆறரையா, ஏழா, எட்டா

அன்று பிளாட்னரின் துப்பாக்கிக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கடைக்காரன் லெயோன்ஹார்ட் பிளாட்னர். எங்கள் சரகத்து வேட்டைக் காவலன் குயிரின். என் மகன் விஜிலின் மனைவி நொட்புர்கா. வீட்டில் புர்கி என்போம். காசியான் ரவுட்டர் ஆகிய நான், வயது எழுபத்தொன்பது. மேசைக்கடியில் குயிரினின் மோப்ப நாய் ஹேரா படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறவர்கள் அந்நேரம் எதிரே பீர்க்கடையில் இருந்தார்கள்.

செப்டம்பர் முதல் வாரம். விஜில் இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் மலைச்சரிவின் வேட்டை உரிமை அறுபது வருடமாக ரவுட்டர் வீட்டுக்கு உரியது. அந்த வருடம் எங்களுக்கு ஒதுக்கியது ஒரு கலைமானும் இரண்டு காம்ஸும். காம்ஸ் பாறைகளில் திரியும் எங்கள் மலையாடு. என் கண் மங்கிவிட்டது. தானே சுடுவதாகப் புர்கி சொன்னாள். அவளிடம் உரிமம் இருந்தது, துப்பாக்கி இல்லை. திங்கட்கிழமை, குறிபார்த்துச் சுட்டுக் காட்டும் வருடாந்திரச் சோதனை.

துப்பாக்கிக்கு ஏன் கடைக்குப் போக வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். என் தகப்பனாரின் துப்பாக்கி, எட்டு மில்லிமீட்டர் குண்டு போடுவது, வீட்டிலேயே இருக்கிறது. தோளில் பதியும் கட்டையைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கினால் போதும். அதைக் கம்பளியில் சுற்றிக்கொண்டுதான் நானும் போனேன்.

ஊர் பேசிக்கொண்டிருந்தது இது: போன அக்டோபரில் விஜில் கலைமானை ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கியால் சுட்டான், அந்தச் சின்னக் குண்டுக்கு மான் விழவில்லை, வயிற்றில் காயத்தோடு ஓடியது, துரத்திப் போனவன் பாறையில் வழுக்கி விழுந்தான். மீட்புக்குழு அவன் கோட்டுப் பையில் மூன்று ஆறரைத் தோட்டாக்களைக் கண்டெடுத்தது. துப்பாக்கி அவன் உடலருகே கிடைக்கவில்லை. அது கீழே ஓடைப்பிளவுக்குள் சரிந்திருந்தது. மூன்றாம் நாள் நான் தனியாக இறங்கி எடுத்துவந்தேன். அது எட்டு. துடைத்து, எண்ணெய் பூசி, பழைய ஆணியில் மாட்டினேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது என்ன உணர்ந்தேன் என்றால், எதுவும் இல்லை. பனியில் அதிக நேரம் வைத்திருந்த கைபோல இருந்தது.

பிளாட்னர் மூன்று தோட்டாக்களைப் பச்சைத் துணிமேல் நிற்கவைத்தான். மானுக்கும் மலையாட்டுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டுமென்றால் இருப்பதில் பெரியதைத் தேடக் கூடாது, கண் இமைக்காமல் சுட முடிவதைத் தேட வேண்டும் என்றான். ஆறரை பள்ளத்தாக்கைத் தாண்டியும் அதிகம் தாழாமல் போகும், நல்ல குண்டைப் போட்டு இடம் பார்த்து அடித்தால் கலைமானுக்கும் போதும். ஏழு இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் வைத்திருப்பது. எட்டு எருதையும் சாய்க்கும், ஆனால் இருபத்தைந்து கிலோ மலையாட்டில் பாதிக் கறியைக் கெடுக்கும்.

குயிரின் ஏழு என்றான். பள்ளத்தில் காற்று சுழலும், மான் எப்போதும் பக்கவாட்டில் திரும்பி நின்று காத்திருக்காது, கொஞ்சம் கனம் கையிருப்பில் இருக்கட்டும் என்பது அவன் வாதம்.

ரவுட்டர் வீட்டில் மானை எட்டால்தான் சுடுவது வழக்கம் என்று நான் சொன்னேன்.

"எட்டு வச்சுச் சுட்டா மான் விழுதோ இல்லையோ, சுடறவன் விழுவான்ணே" என்றான் பிளாட்னர். சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. துணியை எடுத்து மேசையில் சுத்தமாக இருந்த இடத்தைத் துடைத்தான்.

புர்கி ஆறரைத் தோட்டாமேல் விரலை வைத்தாள்.

"அது வேணாம் புர்கி" என்றான் குயிரின். "ஊர்ல பேச்சு போதாதா?"

"ஊருக்கு எந்த அளவு சரியா இருக்கும்னு கேக்க வரல. என் தோளுக்குக் கேக்க வந்தேன்."

பிளாட்னர் அலமாரியிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்து அவள் முன் வைத்தான். "ஒரு தடவை சொன்னேன், ஒருத்தனும் நம்பல. இன்னொரு தடவை சொல்றேன். விஜிலுக்கு நான் இரவல் குடுத்தது இதுதான். அவன் விழுந்த அன்னைக்கு இது இதே அலமாரியில இருந்துச்சு. முந்தின நாள் சாயந்திரமே திருப்பிக் குடுத்துட்டான். தோட்டா மூணு பையில தங்கிப்போச்சு."

"எந்தக் கடைக்காரன்யா தன் சரக்க விட்டுக்குடுப்பான்" என்றான் குயிரின்.

புர்கி என் பக்கம் திரும்பினாள். தோளில் அறுவைச் சிகிச்சை ஆனபிறகு எட்டால் சுட்ட ஒவ்வொரு முறையும் விஜிலுக்குத் தோள் நீலம் பாய்ந்ததையும், அவள் மர்மோட்டு என்னும் மலை அணிலின் கொழுப்பைச் சுடவைத்துத் தேய்த்ததையும் சொன்னாள். விசையை அழுத்தும் முன்பே அவன் கண்ணை மூட ஆரம்பித்துவிட்டானாம். அதனால்தான் இரண்டு மாதம் ஆறரையில் பழகினான், நன்றாகவும் சுட்டான். எனக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லியிருந்தானாம்.

"அன்னைக்கு நான் காலைப்பால் கறக்கப் போயிட்டேன். நீங்கதான் வீட்ல இருந்தீங்க. எதை எடுத்துட்டுப் போனார், மாமா?"

பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை. முன்போலவே பேசாமல் இருந்தால் போதும். மேசையில் கம்பளிச் சுருள் கிடந்தது.

"எட்டு" என்றேன்.

"அவரா எடுத்தாரா?"

"நான் எடுக்கச் சொன்னேன். முந்தின நாள் மத்தியானம் வந்து ஆறரைன்னான். எட்டை எடுத்துட்டுப் போ, இல்லன்னா போகாதன்னேன்."

குயிரின் தொப்பியைக் கழற்றினான். "சுட்ட இடத்துல கிளை முறிச்சு ஒழுங்கா அடையாளம் வச்சிருந்தான்ணே. முறை தெரிஞ்சவன். காயம்பட்ட மான தனியாத் தொடரக் கூடாதுன்னும் தெரியும். ஏன் என்னையும் ஹேராவையும் கூப்பிடல?"

"எங்க வீட்டுக் குண்டுக்கு யாரும் நாயக் கூப்பிட்டதில்ல" என்றேன்.

சுட்டால் மான் நின்ற இடத்திலேயே விழும் என்ற பொருளில் அறுபது வருடமாக நாங்கள் பெருமையாகச் சொல்லிவந்த வாக்கியம் அது. விஜிலுக்கு ஏழு வயதிலேயே மனப்பாடம். புர்கி அழவில்லை. ஆறரையைத் தோளில் வைத்துப் பார்த்தாள், தோட்டா ஏற்றும் பூட்டை இழுத்துப் பார்த்தாள், இது சரி என்றாள். நான் கம்பளிச் சுருளை மேசையிலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். அதையும் அவளே இன்னொரு தோளில் மாட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஐந்து குண்டும் வட்டத்துக்குள் விழுந்தன. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி கலைமான். குயிரினையும் ஹேராவையும் முன்பே கீழே நிறுத்திவிட்டுத்தான் சுட்டாள். மான் நாற்பது அடி ஓடி விழுந்தது. விழுந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தும் நாயை விட்டுத் தொடரச் சொன்னாள். எங்கள் மலை வழக்கப்படி, மானுக்குக் கடைசிக் கவளமாக அதன் வாயில் தளிர்க்கிளையை வைத்தாள். சுட்டவருக்குத் தரும் வழக்கப்படி, குயிரின் அவளுக்குத் தந்த கிளையில் பாதியை ஒடித்து என்னிடம் கொடுத்தாள். தொப்பியில் செருகிக்கொண்டேன். மகிழ்ச்சியும் வரவில்லை, மற்றதும் வரவில்லை.

நவம்பரில், வேட்டைக்காரர்களின் புனிதர் ஹூபர்ட்டுஸின் திருநாள் பூசை முடிந்து, இறந்தவர்களுக்காகக் கொம்பு ஊதும் முன், எல்லா வேட்டைக்காரர்களும் இருக்க எழுந்து நின்று கடையில் சொன்னதையே சொன்னேன். ஊர் அமைதியாகக் கேட்டது. பிறகு பலர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

இப்போது புரிகிறது. செத்த மகனின் பெயரைக் காக்கக் காசியான் ரவுட்டர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், பெரிய மனசு, விஜில் கொண்டுபோனது என்னவோ ஆறரைதான் என்று பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. விஜில் கொண்டுபோனது எட்டு. அவன் கேட்டது ஆறரை. வேண்டாம் என்றவன் நான்.